இரண்டு வார இறுதிகளை எதில் செலவிடுவது? கொழும்பில் அவசர சிகிச்சைத் தொடர்கல்வி: ஓர் ஒப்பீடு

கொழும்பில் ஓர் ஈ.ரீ.யூ.வில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) வேலை செய்யும் தாதியருக்கோ வைத்தியருக்கோ வருடத்தில் படிப்புக்கென்று ஒதுக்க முடிவது அநேகமாக இரண்டு வார இறுதிகள்தான். அதற்கும் றோஸ்டரில் யாரோடாவது கடமை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டணத்தையும் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் கட்ட வேண்டும். அந்த இரண்டு வார இறுதிகளுக்குப் போட்டியிடும் பயிற்சிகளோ ஏராளம். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ்., ஏ.எல்.எஸ். (இரண்டும் இதயம் நின்றவருக்கான மேல்நிலை உயிர்காப்பு), ஏ.ரி.எல்.எஸ். (விபத்துக் காயங்களுக்கானது), பி.ஏ.எல்.எஸ். (குழந்தைகளுக்கானது) என்று எல்லாமே ஒரே சாயலில் ஒலிப்பதால், பக்கத்து வாட்டுக்காரர் போன கோர்ஸுக்கே நாமும் போய்விடுகிறோம்.

தெரிவை ட்றொலியிலிருந்து தொடங்குங்கள். அதில் படுத்து வரும் நோயாளி பெரும்பாலும் யார்? அவர் வந்த முதல் பத்து நிமிடத்தில் உங்கள் கை எங்கே இருக்கிறது, நெஞ்சிலா, மூச்சுக் கொடுக்கும் பாக் மாஸ்க்கிலா, மருந்து உறிஞ்சும் சிரிஞ்சிலா? அல்லது கட்டளை சொல்லும் இடத்தில் நிற்கிறீர்களா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதித் தெரிவு முடிந்துவிடும். மீதிப் பாதி, சர்வதேசப் பயிற்சிகள் சொல்லித்தராத நம் நாட்டு நோயாளிகளைப் பற்றியது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் ஆபத்து அதிகம் உள்ள இடம் அதுதான்.

முதலில் பி.எல்.எஸ்., அதுவும் அளவு காட்டும் பொம்மையில்

வேறெதற்குப் போவதானாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்க இதய சங்கத்தின் பி.எல்.எஸ். அரை நாளில் முடியும். சான்று 2 வருடம் செல்லுபடியாகும். கற்க வேண்டிய எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30க்கு 2 மூச்சு, எந்த இடைநிறுத்தமும் 10 விநாடிக்குள்.

எண்கள் தெரிந்தவர்களும் பொம்மையில் ஏறினால் நான்கு தவறுகளைச் செய்கிறார்கள். பதற்றத்தில் வேகம் 140ஐத் தொடுகிறது. வேகம் கூடக் கூட ஆழம் குறைகிறது. களைத்ததும் கையை முழுதாக எடுக்காமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்கிறார்கள்; அழுத்தங்களுக்கிடையில் இதயம் நிரம்ப இடமில்லாமல் போகிறது. மூச்சுக்குழாய் போட்ட பிறகு 6 விநாடிக்கு ஒன்று போதுமான இடத்தில், பாக்கைப் பிடித்தவர் 2 விநாடிக்கு ஒன்று அமுக்குகிறார். நெஞ்சினுள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. இவை நான்கையும் செய்பவரால் உணர முடியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் பயிற்றுநருக்கே சாய்வு எளிதில் தெரியாது. அதனால்தான் ஆழத்தையும் வேகத்தையும் விடுவிப்பையும் அந்த நேரமே காட்டும் கருவி, 2019 ஜனவரி 31 முதல் அமெரிக்க இதய சங்கத்தின் வளர்ந்தோர் சி.பி.ஆர். (நெஞ்சழுத்த மீளுயிர்ப்பு) பயிற்சிகளில் கட்டாயமாக்கப்பட்டது. பணம் கட்டுமுன் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் பொம்மையை வைத்து நடத்துகிறார்கள் என்றால் வேறிடம் தேடுவது நல்லது.

ஏ.சி.எல்.எஸ்.ஸா, ஏ.எல்.எஸ்.ஸா

இரண்டும் இதயம் நின்றவரையும் நிற்கப் போகிறவரையும் பற்றியவைதான். முன்னது அமெரிக்க வழி. பின்னது பிரித்தானிய, ஐரோப்பிய வழி. அமெரிக்கச் சான்று 2 வருடத்துக்கு. பிரித்தானிய மீளுயிர்ப்புச் சபையின் ஏ.எல்.எஸ். சான்று 4 வருடத்துக்கு. கட்டணத்தை அப்படியே ஒப்பிடாமல், செல்லுபடியாகும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். புத்தகச் செலவு, மறுபரீட்சைக் கட்டணம், விடுப்பில் இழக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரிந்தது சில வேளை மலிவாக இராது.

உள்ளடக்கத்தில் பெரும்பகுதி ஒன்றே. வேறுபடும் இடங்கள் சிலதான், ஆனால் அவை வாட்டில் சண்டையை மூட்டக்கூடியவை. இதயக் கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் வி.எஃப். நோயாளிக்கு முதல் அட்ரினலின் 1 மில்லிகிராமை அமெரிக்க வழி இரண்டாவது மின் ஷொக்குக்குப் பிறகு கொடுக்கச் சொல்கிறது. ஐரோப்பிய வழி மூன்றாவது ஷொக்குக்குப் பிறகு, அமியோடரோன் என்ற மருந்து 300 மில்லிகிராமோடு சேர்த்து. இதயத் துடிப்பு மந்தமானால் அற்றோப்பின் அமெரிக்க வழியில் ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், ஐரோப்பிய வழியில் 0.5, உச்ச அளவு இரண்டிலும் 3 மில்லிகிராம். குழந்தையின் இதயம் நின்றிருந்தால் ஐரோப்பிய வழி 5 மூச்சோடு தொடங்கும்; அமெரிக்க வழி அழுத்தத்தோடு தொடங்கும்.

எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. இரண்டுமே ஒரே ஆய்வுகளைப் பார்த்து எழுதப்பட்டவை. சிக்கல், ஒரே ட்றொலியைச் சுற்றி இரண்டு வழிக்காரர்கள் நிற்கும்போதுதான். கொழும்பில் இது அடிக்கடி நடக்கும். நிபுணத்துவப் பயிற்சியின் ஒரு பகுதியை ஐக்கிய இராச்சியத்திலோ அவுஸ்திரேலியாவிலோ முடித்து வந்த வைத்தியர் ஒருவர். வளைகுடா வேலைக்கென்று அமெரிக்கச் சான்று எடுத்து வைத்திருக்கும் தாதியர் ஒருவர். இரண்டாவது ஷொக் முடிந்ததும் தாதியர் அட்ரினலினை உறிஞ்சிக்கொண்டு நிற்பார், வைத்தியர் "இன்னும் இல்லை" என்பார், நெஞ்சில் கை வைத்தவர் இருவரையும் பார்த்து ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணம்தான் நோயாளிக்கு நட்டம். எனவே உங்கள் பிரிவின் சுவரில் எந்த வழிமுறைப் படம் ஒட்டியிருக்கிறதோ அந்த வழிக்குரிய கோர்ஸை எடுங்கள். சுவரில் எதுவுமே இல்லையென்றால், கோர்ஸுக்குப் போகுமுன் அந்தப் படத்தைத் தெரிவு செய்யும்படி பிரிவுப் பொறுப்பாளரைக் கேளுங்கள். வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறவருக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது: அங்கே வேலை கொடுப்போர் பெரும்பாலும் அமெரிக்கச் சான்றையே கேட்பதால், அவருக்குத் தெரிவு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இரு பயிற்சியிலும் பலர் தடுக்கி விழுவது செய்முறைப் பரீட்சையில். தலைமை தாங்கும் முறை வந்ததும் எல்லாவற்றையும் தாமே செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்: ஈ.சி.ஜி.யைப் பார்க்கக் குனிகிறார்கள், பாக்கைப் பிடிக்கிறார்கள், நேரம் பார்க்க ஆளில்லை. தலைமை என்றால் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்வது. இன்னொரு இடம், சிங்க் பொத்தான். துடிப்போடு ஒத்திசைத்து ஷொக் கொடுக்கும் நிலையில் இயந்திரத்தை வைத்துவிட்டு, நோயாளி வி.எஃப்.க்குப் போனதும் ஷொக்கை அழுத்தினால் இயந்திரம் சும்மா நிற்கும். ஒத்திசைக்க அதற்கு ஒரு துடிப்பு கிடைக்காது. சிங்கை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். சில இயந்திரங்கள் ஒரு ஷொக் முடிந்ததும் தாமாகவே சிங்கை விட்டுவிடும், சில விடாது. உங்கள் வாட்டு இயந்திரம் எந்த வகை என்று அறிந்துகொண்டு கோர்ஸுக்குப் போங்கள்.

ஷொக் கொடுக்கும் ஒட்டும் பட்டைகளோடு பழகிவிட்டு வருபவருக்கு வேறொரு சிரமமும் உண்டு. கையால் பிடிக்கும் பேடில்கள் இன்னும் பல வாட்டுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு ஜெல் வேண்டும். உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் மின்தடை கூடி, தோல் கருகும், மின்னோட்டம் இதயத்தைப் போதிய அளவு சென்றடையாது. பயிற்சி நாளில் பேடிலைக் கையில் எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். ஒட்சிசன் மாஸ்க்கை ஒரு மீற்றருக்கு அப்பால் தள்ளி வைப்பதையும் வாயால் சொல்லாமல் கையால் செய்து பழகுங்கள்.

விபத்துக்கு: தனியாளா, குழுவா

ஏ.ரி.எல்.எஸ்.ஸின் கதை தெரிந்ததே. 1976 இல் நெப்ரஸ்காவில் தன் விமானம் விழுந்து மனைவியை இழந்த எலும்பு சத்திரசிகிச்சை வைத்தியர் ஜேம்ஸ் ஸ்டைனர், அந்த ஊர் வைத்தியசாலையில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்துத் தொடக்கியது. 1978 இல் முதற் பயிற்சி, 1980 இல் அமெரிக்க சத்திரசிகிச்சையாளர் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இலங்கையில் இதை நடத்துவது இலங்கைச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி. சான்று 4 வருடம். முழுச் சான்று வைத்தியர்களுக்கு மட்டும். தாதியர் பார்வையாளராக இருக்கலாம், சான்று கிடைக்காது. 2025 இல் வந்த 11ஆம் பதிப்பு, மூச்சுப்பாதைக்கு முன்னால் பெருகி ஓடும் வெளி இரத்தப்போக்கை வைத்திருக்கிறது: ஏ (மூச்சுப்பாதை), பி (மூச்சு), சி (இரத்த ஓட்டம்) வரிசைக்கு முன்னால் ஓர் எக்ஸ். பழைய பதிப்பைப் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விபத்துப் பிரிவில் முடிவு எடுக்கும் வைத்தியருக்கு ஏ.ரி.எல்.எஸ்.ஸை விட நல்ல தெரிவு இல்லை. ஆனால் ஒரு வைத்தியசாலையில் ஒரே ஒருவர் ஏ.ரி.எல்.எஸ். முடித்திருக்க, மற்ற ஐந்து பேருக்கு அந்த ஒழுங்கு தெரியாவிட்டால், அவருடைய அறிவு அவரோடேயே நின்றுவிடும். அத்தகைய இடங்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. இரண்டின் பாடப் பொருள்களும் இலவசம்.

பி.ரி.சி. எனப்படும் ஆரம்ப விபத்துச் சிகிச்சைப் பயிற்சி, வளம் குறைந்த வைத்தியசாலைகளுக்காகவே அமைக்கப்பட்டது. அதன் அமைப்பு 2:1:2. முதல் இரண்டு நாள் பயிற்சி. அதில் தேறியவர்களிலிருந்து தெரிந்தெடுத்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்றுநர் வகுப்பு. அடுத்த இரண்டு நாள் அந்தப் புதியவர்களே மற்றவர்களுக்குக் கற்பிப்பார்கள். ஐந்து நாளில் ஒரு வைத்தியசாலையில் ஒரு குழு உருவாகிவிடும். அடுத்தது, உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் அவசர மருத்துவத்துக்கான சர்வதேச சம்மேளனமும் சேர்ந்து 2018 இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி. சுமார் 5 நாள். விபத்து, மூச்சுத் திணறல், அதிர்ச்சி நிலை, மாறிய உணர்வு நிலை என்று நான்கு வாசல்கள்; ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் ஈ வரை. வைத்தியரும் தாதியரும் ஒரே மேசையில் இருந்து படிப்பது இதன் பெரிய பலம். வளைகுடா விண்ணப்பத்தில் இந்தச் சான்றுகளுக்கு மதிப்புக் குறைவு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் ஆதார வைத்தியசாலையின் இரவுக் கடமையில் இவை தரும் பலன், அந்த ஒரு தனி ஏ.ரி.எல்.எஸ். சான்றை விட அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சர்வதேசப் புத்தகத்தில் இல்லாத நோயாளிகள்

இனி முக்கியமான இடம். நல்ல கோர்ஸ் ஒன்றை நன்றாகப் படித்து வந்தவர், அதே அறிவால் தவறு செய்யக்கூடிய நான்கு நோயாளிகள் கொழும்பிலும் அதைச் சுற்றியும் வருகிறார்கள்.

முதலாமவர், ஓர்கனோபொஸ்பேற் எனும் பூச்சிநாசினி குடித்தவர். ஏ.சி.எல்.எஸ். படித்தவரின் மனதில் அற்றோப்பினுக்கு ஓர் எல்லை பதிந்திருக்கும்: 3 மில்லிகிராம். இந்த நோயாளிக்கு 3 மில்லிகிராம் தொடக்கம் மட்டுமே. நெஞ்சில் இரைச்சல் நின்று, துடிப்பு 80க்கு மேல் ஏறி, மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல் வந்து, அக்குள் உலரும் வரை ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். 3, 6, 12, 24. கால் மணி நேரத்தில் 45 மில்லிகிராம். நம்மிடம் இருப்பது 0.6 மில்லிகிராம் அம்பியூல் என்றால், அது 75 அம்பியூல். ஒருவர் உடைக்க, ஒருவர் உறிஞ்ச, ஒருவர் எண்ண வேண்டும். கடைசிச் சுற்றில் மட்டும் 40 அம்பியூல். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காத பிரிவில், மூன்றாவது சுற்றில் அற்றோப்பின் தீர்ந்து ஆளை மருந்தகத்துக்கு ஓட விடுவார்கள். சாதாரண நாளில் மருந்து ட்றொலியில் எத்தனை அம்பியூல் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாமவர், மஞ்சள் அலரி விதை அரைத்துக் குடித்தவர். மந்தமான துடிப்பைப் பார்த்ததும் வழமையான மந்தத் துடிப்பு வழிமுறையில் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் இந்த நஞ்சு இதயத்தைப் பிடிப்பது டிஜொக்சின் என்ற இதய மருந்தைப் போல, முதல் ஈ.சி.ஜி. சாதாரணமாக இருந்தாலும் குறைந்தது 24 மணி நேரம் மொனிட்டரில் வைத்திருக்க வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கிறார்" என்று சாதாரண வாட்டுக்கு அனுப்புவதுதான் இங்கே நடக்கும் பிழை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் இலக்கத்தை ட்றொலியின் பக்கத்தில் ஒட்டி வைப்பதற்குக் கோர்ஸ் எதுவும் தேவையில்லை.

மூன்றாமவர், டெங்கு. செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) பயிற்சியில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்று கற்றுக்கொடுப்பார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1500 மில்லிலீற்றர். நமது டெங்கு வழிகாட்டியின்படி அதே 50 கிலோ ஆளுக்குக் கசிவுக் கட்டத்தின் (குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் காலத்தின்) 48 மணி நேரத்துக்கும் சேர்த்து உள்ள திரவ ஒதுக்கீடே 4600 மில்லிலீற்றர்: ஒரு நாளின் பராமரிப்புத் திரவம் 2100, ஐந்து சதவீதக் குறைபாட்டுக்கு 2500. முதல் மூன்று மணி நேரத்தில் அதன் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிட்டால், மறுநாள் அது நுரையீரலைச் சுற்றித்தான் நிற்கும். காய்ச்சலும் குறைந்த இரத்த அழுத்தமும் உள்ள ஒவ்வொருவரையும் செப்சிஸ் என்று தொடங்குமுன், குருதி அடர்த்தியையும் தட்டணுக்களையும் காய்ச்சலின் நாளையும் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அதைப் படிக்கத் தகுந்த இடங்கள் அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையான ஐ.டி.எச்.சும் சுகாதார அமைச்சின் இலவச வழிகாட்டிகளும்.

நான்காமவர், பாம்பு கடித்தவர். கொழும்பில் எங்கே பாம்பு என்று நினைக்க வேண்டாம்; ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் றப்பர் தோட்டங்களிலிருந்து வருவார்கள். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸ என்று சொல்லும் கூர்மூக்கு விரியன் கடித்தால், இந்தியாவிலிருந்து வரும் நால்வகை நஞ்செதிரி பயன் தராது. கொடுத்தால் மிஞ்சுவது அதன் எதிர்விளைவு மட்டும். ஆகவே பாம்பை இனங்காண்பதும் 20 நிமிடக் குருதி உறைவுச் சோதனையும் உயிர்காக்கும் திறன்கள். அந்தச் சோதனை எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதில் கெட்டும் போகும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நாளத்திலிருந்து எடுத்த ஓரிரண்டு மில்லிலீற்றர் இரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒரு தடவை மட்டும் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்ரிக் குழாயானாலோ, சவர்க்காரத் தூளால் கழுவிய கண்ணாடியானாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாதவருக்கு நஞ்செதிரி ஏறும். நஞ்செதிரி கொடுக்குமுன் தோலின் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் போடுவது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவுகளை 43 சதவீதம் குறைத்ததாக 2011 இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. புரோமெதசினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் தனியே அந்தப் பலனைத் தரவில்லை. அதையும் மீறி அனபிலக்சிஸ் (உயிராபத்தான ஒவ்வாமை) வந்தால் தொடையின் முன்வெளிப் பக்கத்தில் 0.5 மில்லிகிராம், தசையினுள், தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டியும் இலவசம்தான்.

இந்த நான்கையும் எந்தச் சர்வதேச அட்டையும் சோதிக்காது. எனவே இரண்டு வார இறுதிகளில் ஒன்றைப் பாதியாக்கி இதற்கு ஒதுக்குங்கள் என்பது எங்கள் பரிந்துரை. ஏ.சி.எல்.எஸ்.ஸை இரண்டாவது முறை புதுப்பிப்பவருக்கு இது இன்னும் அவசரம்.

குழந்தைகள்

லேடி றிஜ்வேயிலோ சிறுவர் வாட்டிலோ வேலை செய்யாதவருக்குப் பி.ஏ.எல்.எஸ். முதலாவது தெரிவு அல்ல. ஆனால் பொது ஈ.ரீ.யூ.வுக்கும் குழந்தைகள் வருவார்கள். அங்கே தேவைப்படுவது இரண்டு: இருவர் சேர்ந்து செய்யும்போது 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு, எடைக்கேற்ற அட்ரினலின். 1 மில்லிலீற்றர் அம்பியூலை 9 மில்லிலீற்றர் சேலைனோடு கலந்து, ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிலீற்றர். வெளிநாட்டுக் காணொளிகளில் நிரப்பிய சிரிஞ்ச் வரும். இங்கே அம்பியூலை உடைத்துக் கலக்க வேண்டும், நடுங்கும் கையோடு. எடை தெரியாவிட்டால் தாயிடம் கிளினிக் புத்தகத்தைக் கேளுங்கள். கடைசியாக நிறுத்த எடை அதில் புள்ளியாக இருக்கும். வயதை வைத்துப் போடும் சூத்திரத்தை விட அது நம்பகமானது.

நீண்ட பாதை

அவசர மருத்துவத்தையே வாழ்க்கையாக எடுக்க நினைக்கும் வைத்தியருக்கு மேலே சொன்ன கோர்ஸ்கள் படிகள் மட்டுமே. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அவசர மருத்துவத்தில் எம்.டி. வழங்குகிறது: தெரிவுப் பரீட்சை, பல வருட உள்நாட்டுப் பயிற்சி, பிறகு வெளிநாட்டுப் பயிற்சி. பிரித்தானிய அவசர மருத்துவ ரோயல் கல்லூரியின் எம்.ஆர்.சி.ஈ.எம். அப்படியல்ல, அது பரீட்சைகளின் தொடர். உங்களைச் சோதிக்கும், ஆனால் உங்களோடு நின்று பயிற்றாது. வெளிநாடு போக நினைப்பவருக்கு அது வழி. இங்கேயே நின்று நிபுணராக விரும்புபவருக்கு எம்.டி.தான்.

மொழி

பாடப் புத்தகங்களும் எழுத்துப் பரீட்சையும் ஆங்கிலத்தில். குழுப் பயிற்சியில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு மாற்றலாகி வந்த தாதியருக்கு இது உண்மையான சுமை. திறமை இருந்தும், சூழ்நிலைக் கதையை விளங்கிக்கொள்ள எடுக்கும் அரை நிமிடத்தில் தடுமாறிவிடுகிறார்கள். பதிவு செய்யும்போதே தமிழ் தெரிந்த பயிற்றுநர் ஒருவரையாவது கேளுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து பதிந்தால் ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள்.

வாட்டிலோ, மருந்தின் பெயர், அளவு, வழி மூன்றையும் ஆங்கிலத்திலேயே சொல்வதென்று குழு முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். மற்றவை எந்த மொழியிலும் இருக்கலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், கொடுத்ததும் சொல்வதும் கட்டாயம்.

"மிஸ், அட்ரினலின் வன் மில்லிகிராம் ஐ.வி."

"அட்ரினலின் வன் மில்லிகிராம் ஐ.வி., சரி டொக்டர்." பிறகு: "குடுத்தாச்சு டொக்டர், பத்து பதினேழு."

இந்த மூன்று வரிகளைப் பயிற்சியில் வெட்கப்படாமல் உரக்கச் சொல்லிப் பழகியவர் உண்மையான நேரத்திலும் சொல்வார்.

பணம் கட்டுமுன் ஐந்து நிமிடம்

தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் பயிற்சி எந்த ஆண்டினது என்று தெரிந்துவிடும். தொண்டையில் சாப்பாடு அடைத்த வளர்ந்தவருக்கு அமெரிக்க வழியில் இப்போது என்ன செய்வது? 2025 ஒக்ரோபரில் வந்த புதிய வழிகாட்டி, முதுகில் 5 தட்டு, பிறகு 5 வயிற்றழுத்தம் என்று மாறி மாறிச் செய்யச் சொல்கிறது. முன்பு வயிற்றழுத்தம் மட்டும்தான். கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் அழுத்தும் முறையும் நீக்கப்பட்டுவிட்டது. பழைய பதிலைச் சொல்லும் நிலையம் பழைய பாடத்தைத்தான் நடத்துகிறது.

அடுத்து, சான்று மின்னணு வடிவில் வருகிறதா, அதை வழங்கிய சங்கத்தின் தளத்திலேயே சரிபார்க்க முடியுமா என்று பாருங்கள். முழுக்க இணையத்திலேயே ஒரு மணி நேரத்தில் முடிந்து அட்டை கையில் வரும் பயிற்சிகளைத் தொடவே வேண்டாம். அமெரிக்க இதய சங்கத்தின் இணையவழிப் பாடத்துக்கும் நேரடிச் செய்முறை அமர்வு உண்டு. அது இல்லாமல் சான்று இல்லை. ஒரு பொம்மைக்கு மூன்று பேருக்கு மேல் நிற்கவேண்டிய இடத்தில், நீங்கள் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

கோர்ஸ் முடிந்த பிறகு

சான்று இரண்டு வருடமோ நான்கு வருடமோ இருக்கும். கை அவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்காது. திறன் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மங்கத் தொடங்கும். அதனால் எந்தப் பயிற்சியைத் தெரிந்தெடுத்தாலும், மாதம் ஒரு தடவை சொந்த வாட்டில் 15 நிமிடம் இல்லாவிட்டால் செலவில் பாதி வீண்.

செய்வது எளிது. கடமை மாறும் நேரம், இரு பக்கத்தாரும் நிற்கும்போது, வெறும் கட்டிலில் பொம்மையை வையுங்கள். பொம்மை இல்லையென்றால் கெட்டியான தலையணை. ஒருவர் கைக்கடிகாரத்தோடு நிற்கட்டும். "ஆள் விழுந்திட்டார்" என்று சொன்ன கணத்திலிருந்து முதல் ஷொக் வரை எத்தனை விநாடி? இலக்கு 3 நிமிடத்துக்குள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்துபவர் மாறட்டும். தொலைபேசியில் 110இல் ஒரு தாளக்கருவியைப் போட்டுவிடுங்கள். இயந்திரம் சார்ஜ் ஆகும்போதும் அழுத்தம் நிற்கக்கூடாது. ஷொக்குக்கு மட்டும் கை எடுக்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸில் சி.பி.ஆர். நடந்துகொண்டே நோயாளி வந்து இறங்குவதையும் ஒரு மாதம் பயிற்சியாக வையுங்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது எத்தனை விநாடி அழுத்தம் நின்றது என்று அளந்தால் எல்லோரும் திகைப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறையும். மூச்சுக்குழாய் போட உதவும் லரிங்கோஸ்கோப்பில் பற்றரி இருக்காது, பெரிய மாஸ்க் இடம் மாறியிருக்கும், ஜெல் குழாய் காய்ந்திருக்கும், அற்றோப்பின் பத்தே அம்பியூல் இருக்கும். அதைத் தாளில் எழுதி, யார் பொறுப்பு என்று பெயரிட்டு, கடமை முடிந்து வீட்டுக்குப் போகுமுன் ட்றொலியின் இரண்டாவது இழுப்பறையில் அந்தப் பொருளை வைத்துவிட்டுப் போங்கள்.